பெரூதியேல் ராணியின் பூனைகள்

ஒரு ராணி இருந்தாள். பெயர் பெரூதியேல். அவளிடம் சில பூனைகள் இருந்தன. எப்பேர்ப்பட்ட கும்மிருட்டிலும் வழி தவறாமல் வீடு வந்து சேரும் பூனைகள். கதையில் அவளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்.

இந்த ராணி வருவது ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய 'மோதிரங்களின் அதிபதி' என்ற நாவலில். வருகிறாள் என்று சொல்வதுகூடத் தவறு. மூன்று பாகமும் சேர்ந்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் அந்தக் கதையில், மோரியா என்ற பாழடைந்த சுரங்கத்துக்குள் சிலர் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருக்கும்போது, வழிகாட்டும் கிழட்டு மந்திரவாதியைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று ஒருவன் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்கிறான். பெரூதியேல் ராணியின் பூனைகளைவிட அவருக்கு வழி நன்றாகத் தெரியும் என்கிறான். நம் ஊரில் பேச்சோடு பேச்சாக 'அவர் பெரிய பீமசேனர்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா? அந்த மாதிரி. யாரும் 'எந்த ராணி?' என்று திருப்பிக் கேட்கவில்லை. கதை மேலே போய்விடுகிறது.

கதை போய்விட்டது. வாசகர்கள் போகவில்லை. அந்த ராணி யார், எந்த ஊர், எத்தனை பூனைகள், அவை என்ன ஆயின என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். முதல் பாகம் 1954-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. மறு வருஷம் ஜூன் மாதம் டபிள்யூ. எச். ஆடன் என்ற பெரிய கவிஞருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன், இந்தப் பூனைகளைப் பற்றித் தாம் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினார். வாசகர்கள் அந்த வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'யோசிக்கவில்லை' என்று அவர் எழுதவில்லை. 'கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதினார். தாம் உண்டாக்கிய உலகத்தில் தாமே ஒரு யாத்திரிகர் என்ற பாவனை அது. எழுத்துத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது வெறும் பாவனை அல்ல என்று தெரியும்.

பிறகு ஒரு நாள் கண்டுபிடித்தும் விட்டார். காண்டார் என்ற தேசத்தின் பன்னிரண்டாவது அரசன் டாரன்னான் என்பவனின் மனைவி அவள். அவன் கடலை நேசித்தான். அவளோ கடலின் சப்தத்தையே வெறுத்தாள். அன்பு இல்லாத தாம்பத்தியம். அவளிடம் ஒன்பது கறுப்புப் பூனைகளும் ஒரு வெள்ளைப் பூனையும் இருந்தன. கறுப்புப் பூனைகள் ஊராரின் ரகசியங்களை வேவு பார்க்கும். வெள்ளைப் பூனை அந்தக் கறுப்புப் பூனைகளை வேவு பார்க்கும்! கடைசியில் அரசன் அவளைப் பூனைகளோடு ஒரு கப்பலில் ஏற்றி, வடகாற்றில் கடலில் தள்ளிவிட்டான். அவள் பெயரையே ராஜ பரம்பரைச் சுவடியிலிருந்து அழித்துவிட்டார்கள். பிறைநிலவின் கீழே, பாய்மரத்தின் உச்சியில் ஒரு பூனையும் முகப்பில் ஒரு பூனையும் உட்கார்ந்திருக்க, அந்தக் கப்பல் பறந்து போனதைக் கண்டவர்கள் உண்டாம்.

இந்தக் கதை புத்தகமாக அச்சேறியது 1980-ல், டோல்கீன் காலமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு. இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. 1955-ல் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் அனுபந்தத்தில் அரசர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் டாரன்னான் பிள்ளை இல்லாமல் இறந்தான் என்று மட்டும் ஒரு வரி வறட்சியாகக் கிடக்கும். அந்த வறண்ட வரியின் காலியான அறைக்குள்ளேதான் அவர் பெரூதியேலைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். பிள்ளை ஏன் இல்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. பூனை எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

'இதெல்லாம் ஒரு கேள்வியா? ஒரு கட்டுக்கதையில் வரும் பூனையைப் பற்றி வயது வந்தவர்கள் விவாதிப்பதா?' என்று கேட்கிறவர்களை நான் அறிவேன். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஒரு தொடர்கதையில் வரும் கிழவியின் வீட்டுக் கிணறு முற்றத்தில் இருக்கிறதா கொல்லையில் இருக்கிறதா என்று எனக்கு ஓர் அம்மாள் மூன்று கடிதம் போட்டதுண்டு. கதையின் உருக்கமான கட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால், கிணறு எங்கே என்று தெரியாமல் அவரால் அந்த வீட்டுக்குள் நடமாட முடியவில்லை. நடமாடவே விரும்பாதவர்களுக்குக் கிணறு எங்கே இருந்தால் என்ன?

டோல்கீன் 1892-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். 1937-ல் குழந்தைகளுக்காக 'ஹாபிட்' என்ற கதையை வெளியிட்டார். பில்போ என்ற குட்டையான, காலில் ரோமம் அடர்ந்த, வேளாவேளைக்குச் சாப்பாடு தவறாத ஒரு ஆசாமி புதையல் தேடிப் போகிற கதை. பிரசுரகர்த்தரின் பத்து வயதுப் பிள்ளை ரேனர் அன்வின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று சிபாரிசு எழுதி ஒரு ஷில்லிங் கூலி வாங்கினான். அந்த ஷில்லிங்கைவிட லாபமான செலவைப் பிரசுர உலகம் கண்டதில்லை.

அந்தக் குழந்தைக் கதை வெளிவந்து மூன்று மாதம் ஆவதற்குள் முதல் நக்கீரர் வந்துவிட்டார். அவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல. ஆர்தர் ரான்ஸம் என்ற புகழ் பெற்ற குழந்தை எழுத்தாளர். ஹாபிட் என்பது மனித ஜாதி அல்லவே, அப்படியிருக்கப் பில்போவை ஒரு பாத்திரம் 'மனிதன்' என்று குறிப்பிடுவது எப்படிப் பொருந்தும் என்று அவர் 1937 டிசம்பரில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். டோல்கீனுக்குக் கோபம் வரவில்லை. ஆட்சேபணை நியாயம் என்று ஒப்புக்கொண்டார். பின்னால் வந்த பதிப்பில் அந்தச் சொல் மாறிவிட்டது. ஒரே ஒரு சொல். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஆசிரியருக்கும் வாசகருக்கும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 'நீர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆகையால் நீரும் அதை நம்ப வேண்டும்' என்பது அந்த ஒப்பந்தத்தின் ஷரத்து.

அதைவிடப் பெரிய சங்கடம் பின்னால் காத்திருந்தது. 'ஹாபிட்' கதையில் பூமிக்கு அடியில் ஓர் ஏரிக்கரையில் கோல்லம் என்ற வழுவழுப்பான பிராணியோடு பில்போ விடுகதைப் பந்தயம் போடுகிறான். தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கோல்லம் ஒப்புக்கொள்கிறது. மோதிரமோ ஏற்கெனவே பில்போவின் சட்டைப் பையில் இருக்கிறது. பரிசைத் தேடிக் காணாமல் கோல்லம் மன்னிப்புக் கேட்டு, அதற்குப் பதிலாக வெளியேறும் வழியைக் காட்டிவிட்டு நல்லபடியாக விடைபெறுகிறது. குழந்தைக் கதைக்கு அது போதும். ஆனால் அடுத்த நாவலில் அந்த மோதிரம் உலகத்தையே அடிமைப்படுத்தும் கொடிய பொருளாக வளர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்திருந்தவன் மனமுவந்து இன்னொருவனுக்குப் பந்தயப் பரிசாகக் கொடுப்பானா? கொலை அல்லவா செய்வான்?

அந்த அத்தியாயத்தைத் திருத்தினால் எப்படியிருக்கும் என்று மாதிரிக்கு எழுதி 1947-ல் பிரசுராலயத்துக்கு அனுப்பினார் டோல்கீன். பதில் இல்லை. 1950-ல் புதுப் பதிப்பின் அச்சுப்படி வந்தபோது பார்த்தால், அந்த மாதிரி அப்படியே கோக்கப்பட்டிருந்தது! 1951-ல் புத்தகமும் வந்துவிட்டது. ஆனால் பழைய பதிப்பு ஆயிரக்கணக்கான வீடுகளில் அலமாரியில் இருக்கிறதே? அதில் ஒரு கதை, இதில் ஒரு கதை. சாதாரண ஆசிரியராக இருந்தால் 'திருத்திய பதிப்பு' என்று முகப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இவர் செய்தது என்ன தெரியுமா? பழைய கதை பில்போ சொன்ன பொய் என்று சொல்லிவிட்டார். மோதிரம் தனக்கே உரியது என்று காட்டிக்கொள்வதற்காகப் பில்போ நண்பர்களிடம் அப்படி அளந்தான். தன் நினைவுக் குறிப்பிலும் அப்படியே எழுதி வைத்தான். யோக்கியனான பில்போவைப் பொய் சொல்ல வைத்தது எது? அந்த மோதிரம்தான். அதன் விஷம் அன்றைக்கே ஏறத் தொடங்கிவிட்டது.

நான் இத்தனை வருஷம் கதை எழுதுகிறேன். ஒரு முரண்பாட்டை இவ்வளவு அழகாக ஆபரணமாக்கிய இன்னொரு சம்பவத்தை அறியேன். ஓட்டையை அடைக்கப் போய் அங்கே ஒரு ஜன்னலே வைத்துவிட்டார்.

பெரிய நாவலின் இரண்டாம் பாகம் 1954 நவம்பரில் வந்தது. கதாநாயகன் ஃப்ரோடோ விஷம் ஏறி நினைவிழந்து எதிரிகளின் கையில் சிக்கிய இடத்தில் அது முடிகிறது. அடுத்த பாகம் வந்தது 1955 அக்டோபர் 20-ம் தேதி. பதினொரு மாதம்! ஒரு வாரம் தாமதமானாலே பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போடும் வாசகர்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் பதினொரு மாதத்தின் கனம் தெரியும். தாமதத்துக்குப் பெரிய காரணம் கதை அல்ல. கதை எப்போதோ முடிந்துவிட்டது. வம்சாவளி, கால அட்டவணை, பஞ்சாங்கம், எழுத்து முறை, மொழிபெயர்ப்பு பற்றிய குறிப்பு என்று அனுபந்தங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் அட்டவணை ஒன்று போடுவதாக முதல் பாகத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது முடியவே இல்லை. அதற்காக மூன்றாம் பாகத்தில் பிரசுராலயத்தார் மன்னிப்புக் குறிப்பு அச்சிட வேண்டியதாயிற்று.

அனுபந்தம் யாருக்கு? கேள்வி கேட்ட வாசகர்களுக்கு. சங்கீதம் தெரிந்தவர்கள் பாட்டுகளுக்கு மெட்டுக் கேட்டார்கள். தாவர சாஸ்திரம் படித்தவர்கள் கதையில் வரும் பொன்னிலை மரத்தின் லட்சணத்தைக் கேட்டார்கள். புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சட்டிபானையும் உலோகமும் வேண்டும். சரித்திரக்காரர்களுக்குக் காண்டாரின் ராஜ்ய நிர்வாகம் தெரிய வேண்டும். டோல்கீனே 1956-ல் ஒரு கடிதத்தில் சிரித்துக்கொண்டே இந்தப் பட்டியலைக் கொடுக்கிறார். ஆனால் அதற்கு முந்திய வருஷம், அந்தப் பழைய ஷில்லிங் பையன் ரேனருக்கு (அவன் இப்போது அப்பாவின் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் வாலிபன்) எழுதியபோது அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மாபெரும் விளையாட்டாகப் பாவிக்கும் இந்தப் போக்கு நல்லதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்காவது நல்லதல்ல, ஏனென்றால் அதன் கவர்ச்சி என்னை அளவுக்கு மீறி இழுக்கிறது என்ற பொருள்பட எழுதினார். கள் கொடுக்கிறவனுக்கே கள் மீது ஆசை இருந்தால் கடை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடிதங்களில் வேடிக்கையும் உண்டு. கதையில் ஃப்ரோடோவின் தோட்டக்காரத் தோழன் பெயர் ஸாம் காம்ஜி. 1956-ல் லண்டனிலிருந்து அதே பெயருள்ள நிஜ மனிதர் ஒருவர், தம் பெயர் கதையில் வருவதாக வானொலியில் கேட்டவர்கள் சொன்னார்கள், அது எப்படி என்று விசாரித்து எழுதினார். டோல்கீன் மகிழ்ந்துபோய் மூன்று பாகத்திலும் கையெழுத்திட்டு அனுப்பினார். அடுத்தபடியாகக் கோல்லம் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வந்துவிடுமோ என்று சில காலம் பயந்துகொண்டும் இருந்தார்!

எல்லாக் கடிதமும் இப்படி இனிப்பாக வரவில்லை. கடைசிக் கட்டத்தில் மோதிரத்தை எறியாமல் தனக்கே வைத்துக்கொள்ளத் துணிந்த ஃப்ரோடோவுக்குத் துரோகி என்று மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும், நீர் மாலை போடுகிறீரே என்று ஒருவர் உறுமியிருந்தார்.

1958-ல் நடந்தது மிகவும் ருசிகரமானது. ஓர் அபிமானிகள் கூட்டம் நடக்க இருந்தது. அங்கே படித்துக் காட்டுவதற்காக ஒரு வாசகி கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். எல்ஃப் என்ற தேவ ஜாதியார் சேணமும் கடிவாளமும் இல்லாமல் குதிரை ஏறுகிறவர்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறதே, அப்படியானால் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் பிரபுவின் குதிரைக்கு மட்டும் எப்படி வாயில் கடிவாளம் வந்தது? பேயரசன் ஏறி வருகிற இறக்கைப் பிராணி, பூர்வகாலத்தில் இருந்த டெரோடாக்டில்தானா? ஐந்து மந்திரவாதிகளில் மூவருக்கு வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று நிறம் சொல்லிவிட்டீர், மற்ற இருவரின் நிறம் என்ன?

டோல்கீன் வரிசையாகப் பதில் எழுதினார். கடிவாளம், கவனமில்லாமல் எழுதிய சொல் என்றார். 1965-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, குதிரையின் தலையில் மாட்டும் அலங்கார வாரைக் குறிக்கும் சொல்லைப் போட்டார். பறவைக்கு, ஆம் என்றும் இல்லை என்றும் பதில். நிறத்துக்கு, நான் நினைத்துப் பார்த்ததில்லை, அவர்களுக்குத் தனி நிறம் இருந்ததா என்பதே சந்தேகம் என்று பதில். இருவரும் கிழக்கே வெகுதூரம் தூது போய்த் தோற்றுப்போனார்கள் என்று அஞ்சுவதாகவும் எழுதினார். பிற்காலத்துக் குறிப்பு ஒன்றில் அவர்களுக்குக் கடல் நீல நிறம் வந்துவிட்டது. அந்திமக் காலத்துக் குறிப்பு ஒன்றிலோ அவர்கள் தோற்கவில்லை, கிழக்கே எதிரியின் படையைச் சிதறடித்ததால்தான் மேற்கே யுத்தம் ஜெயித்தது என்று ஆகிவிட்டது. ஒரு வாசகி நிறம் கேட்டதிலிருந்து இரண்டு பேர் பிழைத்தார்கள் என்று நான் சொல்வேன்.

பதில் கிடைக்காத கேள்விகளும் உண்டு. அவற்றில் தலையாயது, பால்ராக்குக்குச் சிறகு உண்டா என்பது. மோரியாச் சுரங்கத்தில் நெருப்பும் நிழலுமாக ஒரு பூதம் எதிர்ப்படுகிறது. அதன் பெயர் பால்ராக். அதைச் சுற்றிய இருள் இரண்டு பெருஞ் சிறகுகளைப் போலப் பரந்தது என்று முதலில் சொல்கிறார். சில வரி தள்ளி, சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று சொல்கிறார். முன்னது உவமை. பின்னது உவமையின் தொடர்ச்சியா, அல்லது உள்ளதை உள்ளபடி சொன்னதா? இதுதான் வழக்கு. சிறகு இருந்தால் பாலம் உடைந்தபோது பறக்காமல் ஏன் பாதாளத்தில் விழுந்தது என்கிறது ஒரு கட்சி. கோழிக்கும்தான் சிறகு இருக்கிறது, கிணற்றில் விழுவதில்லையா என்கிறது மறு கட்சி. 2001-ல் வந்த சினிமாவில் சிறகு வைத்துக் காட்டினார்கள். சினிமா எடுத்தவர் சொன்னால் தீர்ந்ததா என்று வழக்கு அப்பீலுக்குப் போய்விட்டது. இந்தச் சண்டையில் ஒரு லாபம் உண்டு. தொல்காப்பியத்தில் உவம இயலை எட்டிப் பார்க்காதவன்கூட, உவமை எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு பத்தியை வரி வரியாகப் பிரித்துப் படிக்கிறான். வாத்தியார் பிரம்பெடுத்தாலும் நடக்காத காரியம்.

டாம் பாம்படில் என்று ஒரு பாத்திரம். மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டில் ஆடிப் பாடித் திரிகிறவன். மோதிரம் அவனை ஒன்றும் செய்வதில்லை. அவன் யார், தேவனா, பூதமா என்று கேட்டார்கள். டோல்கீன் வீட்டுக் குழந்தையின் டச்சுப் பொம்மை ஒன்றிலிருந்து பிறந்தவன் அவன். கதைக்குள் அவன் யார் என்பதற்கு மட்டும் டோல்கீன் விடை சொல்லவில்லை. புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், இவன் நான் வேண்டுமென்றே விட்டுவைத்த புதிர் என்று எழுதிவிட்டார். பூனைக்குக் கதை சொன்ன அதே ஆள் பாம்படிலுக்கு வாய் திறக்க மறுத்தது எனக்குப் பெருத்த ஆறுதல்.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக வராத ஒரு கடிதமும் உண்டு. 1954-ல் ஆக்ஸ்போர்டில் கத்தோலிக்க நூல்கள் விற்கும் கடையின் நிர்வாகி ஒருவர் எழுதினார். கதையில் ஆர்க் என்று ஒரு ராட்சஸப் படை வருகிறது. நல்லவர்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்க்கிறார்கள். யாரும் கண்ணீர் விடுவதில்லை. அவர்களைத் தீய சக்திதான் படைத்தது என்று மரத்தாடிக் கிழவர் என்ற பாத்திரம் சொல்கிறார். தீமைக்குப் படைக்கும் சக்தி ஏது? படைப்பு கடவுளுக்கே உரியதல்லவா என்பது அவர் கேள்வி.

டோல்கீன் பக்திமான். கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது. நீண்ட பதில் ஒன்று எழுதத் தொடங்கினார். மரத்தாடி என் கதையில் ஒரு பாத்திரம், நான் அல்ல. அவருக்கு ஞாபகசக்தி அதிகம், ஆனால் தெரியாததும் நிறைய உண்டு என்று முதலில் ஒரு கேடயத்தைப் பிடித்தார். கதாசிரியனுக்கு அதைவிட நல்ல கேடயம் கிடையாது. ஆனால் கேடயம் கேள்வியை நிறுத்தவில்லை. தீமை படைக்க முடியாது, கெடுக்கத்தான் முடியும் என்றால் ஆர்க்குகள் முன்னால் யாராக இருந்தவர்கள்? எல்ஃப் ஜாதியைப் பிடித்துக் கெடுத்ததா? அப்படியானால் அவர்களுக்கும் ஆத்மா உண்டு. ஆத்மா உண்டென்றால் இரக்கத்துக்கும் பாத்திரம் அல்லவா? பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனவர், தம்மைத் தாமே பெரிதாக நினைத்துக்கொள்வதுபோல இருக்கிறது என்று குறித்து வைத்து அந்தக் கடிதத்தை அனுப்பாமலே விட்டுவிட்டார்.

கடிதம் போகவில்லை, கேள்வியும் போகவில்லை. அடுத்து வந்த வருஷங்களில் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி அவர் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். எல்ஃபா, மனிதனா, பேசப் பழக்கிய மிருகமா? ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைஞ்சல். மனிதன் என்று வைத்தால் கால அட்டவணை உதைக்கிறது. மனித குலம் தோன்றுவதற்கு முன்பே ஆர்க்குகள் வந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு குறிப்பில் மாத்திரம் ஒரு முடிவு உறுதியாக இருக்கிறது. ஆர்க்குகள் யாராக இருந்தாலும், சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் நஷ்டம் வந்தாலும் சரி. ஞானிகள் கற்பித்த தர்மம் இது. முதல் மகாயுத்தத்தில் ஸோம் போர்க்களத்தின் சேற்றில் கிடந்து மீண்ட மனிதர் எழுதிய வரி அது. அற்பக் கேள்வி என்று நாம் சிரிக்கிற கேள்விகளில் எது எங்கே கொண்டுபோய் விடும் என்று யார் சொல்ல முடியும்?

இத்தனையிலும் செலவானது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வாசகர்கள் மட்டும் கணக்குக் கேட்கவில்லை; அவருக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். 1944-ல், யுத்தத்துக்கு நடுவே, கதையில் சந்திரன் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் உதிப்பதும் இன்னோரிடத்தில் அஸ்தமிப்பதுமாக இருப்பதைக் கண்டு, அதைச் சரிசெய்வதிலேயே ஒரு மத்தியானம் பூராவும் போயிற்று என்று மகன் கிறிஸ்டோபருக்கு எழுதியிருக்கிறார். 1960-ல் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு அதிகாரம் முற்றிவிட்டது. குழந்தைக் கதையான 'ஹாபிட்'டைப் பெரிய நாவலின் பூகோளத்துக்கும் நிலவின் தேய்பிறை வளர்பிறைக்கும் பொருந்தும்படி முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினார். சில அத்தியாயம் ஆனதும் ஒரு சிநேகிதிக்குப் படிக்கக் கொடுத்தார். மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் இது அந்தப் புத்தகம் இல்லையே என்று அவர் சொல்லிவிட்டார். டோல்கீன் அதோடு நிறுத்திவிட்டார். அந்த அம்மாளுக்கு நான் எங்கிருந்தாவது ஒரு கும்பிடு போட வேண்டும்.

புகழ் ஏற ஏற நிம்மதி இறங்கியது. அமெரிக்காவில் இருக்கும் ரசிகர்கள் சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சந்தேகம் தோன்றினால் டெலிபோனை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி. ஆக்ஸ்போர்டில் விடியற்காலை மூன்று. 1968-ல் அவர் விலாசத்தையும் டெலிபோன் எண்ணையும் வெளியிடாமல் கடற்கரை ஊருக்குக் குடிபோனார். அதே காலத்தில், அவர் தம் வாழ்நாளின் முதல் வேலை என்று நினைத்த 'ஸில்மரிலியன்' மேஜை மேல் முடியாமல் கிடந்தது. அவர் காலமானது 1973 செப்டம்பர் 2. மகன் தொகுத்து அது வெளிவந்தது 1977-ல். ஒவ்வொரு பூனைக்கும் கடிவாளத்துக்கும் பதில் எழுதாமல் இருந்தால் முடித்திருப்பாரோ? அப்படி நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி வராவிட்டால் அவரே கேட்டுக்கொண்டிருப்பார். சந்திரனைப் பற்றி அவரை யார் கேட்டார்கள்?

வாசகர்கள் பட்ட கடனைத் திருப்பிய கதையும் ஒன்று உண்டு. 1965-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, பதிப்புரிமைச் சட்டத்தின் சந்தைப் பயன்படுத்தி, ஆசிரியரின் அனுமதி இல்லாமல் நாவலை எழுபத்தைந்து சென்ட் விலையில் மலிவுப் பதிப்பாக இறக்கிவிட்டது. முறையான பதிப்பு தொண்ணூற்றைந்து சென்ட். இருபது சென்ட் வித்தியாசம் மாணவர்களுக்குச் சின்னத் தொகை அல்ல. கேள்வி கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கெல்லாம் டோல்கீன் பதிலோடு பதிலாக இந்த அநியாயத்தையும் தெரிவித்தார். குதிரைக்குக் கடிவாளம் உண்டா என்று சண்டை போட்ட கூட்டம், இப்போது ஆசிரியருக்குக் கூலி உண்டா என்று சண்டை போட்டது. கடைகளில் மலிவுப் பதிப்பைத் தொடக்கூட மறுத்தார்கள். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி இறங்கி வந்து ஆசிரியருக்கு ராயல்டி கொடுத்து, மறுபடியும் அச்சிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. பூனைக்கு வக்காலத்து வாங்குகிறவன் பூனையை எழுதியவனுக்கும் வாங்குவான்.

கடைசியாகக் குளோர்ஃபிண்டெலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கடிவாளக் குதிரையின் சொந்தக்காரர். 1916, 17-ம் வருஷங்களில், யுத்தத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பிப் படுக்கையில் கிடந்த நாட்களில், கோண்டோலின் என்ற நகரத்தின் வீழ்ச்சியை டோல்கீன் எழுதினார். அதில் ஊரைவிட்டு ஓடும் ஜனங்களைக் காப்பாற்றக் குளோர்ஃபிண்டெல் என்ற வீரன் மலை உச்சியில் ஒரு பால்ராக்கோடு மல்லுக்கு நின்று, அதோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்து இறக்கிறான். (அங்கேயும் பால்ராக் பறக்கவில்லை என்பதைச் சிறகில்லாக் கட்சியார் குறித்து வைத்திருக்கிறார்கள்.) இருபது வருஷம் கழித்துப் புது நாவலில் அதே பெயரைச் சற்று யோசனையில்லாமல் இன்னொரு எல்ஃபுக்கு வைத்துவிட்டார். இறந்தவன் எப்படிக் குதிரை ஏறி வந்தான்? ஒரே பெயரில் இரண்டு பேரா?

1971 நவம்பரில் மனைவி இறந்துபோனாள். மறு வருஷம் டோல்கீன் ஆக்ஸ்போர்டுக்கே திரும்பி, கல்லூரி கொடுத்த அறைகளில் தனியாகக் குடியிருந்தார். வயது எண்பது. அந்த நாட்களில் உட்கார்ந்து இந்தக் குளோர்ஃபிண்டெல் விவகாரத்தை மறுபடியும் எடுத்தார். பெயரை மாற்றிவிடலாம், ஆனால் புத்தகம் உலகமெல்லாம் போய்விட்டது. வேறு ஆள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இப்படிப்பட்ட அபூர்வமான பெயர் இரண்டு பேருக்கு வாய்த்தது என்றால் நம்பத் தகாது. ஆகையால் இருவரும் ஒருவரே என்று முடிவு கட்டினார். பிறருக்காக உயிரைக் கொடுத்தவன். பரலோகத்தில் காத்திருந்து, பழைய குற்றங்கள் தீர்ந்து, முன்னைவிட ஒளி பெற்றவனாகத் திரும்பவும் உடம்பெடுத்து அனுப்பப்பட்டான் என்று பக்கங்கள் எழுதி வைத்தார்.

அவை அச்சில் வந்தது 1996-ல், கிறிஸ்டோபர் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தகப்பனார் காகிதங்களின் கடைசித் தொகுதியில். வழக்கு அதோடு முடிந்தது என்று ஒரு கட்சி சொல்கிறது. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது தம் கையால் அச்சுக்குக் கொடுக்காததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று இன்னொரு கட்சி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.